அந்தத் துப்பாக்கி யார் வீட்டு பீரோவில் இருந்தது?

வாசகர் கேள்வி – பதில்

(பள்ளிக்கூடத் துப்பாக்கிச் சூடுகள் பற்றியும் நாட்டுக்கு நாடு மாறும் சட்டங்கள் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.)

ஆஸ்திரேலியா ஒரே சம்பவத்தோடு துப்பாக்கிகளைப் பிடுங்கிவிட்டது. அமெரிக்காவில் வருஷா வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சாகிறார்கள். அவர்களுக்கு மனசு இல்லையா, வழி இல்லையா? – வாசகர், மதுரை

இரண்டும்தான். ஆனால் முதலில் ஒரு திருத்தம். ஆஸ்திரேலியா எல்லாத் துப்பாக்கிகளையும் பிடுங்கவில்லை.

தாஸ்மேனியாவில் போர்ட் ஆர்தர் என்ற சுற்றுலா இடத்தில் 1996 ஏப்ரல் 28 அன்று 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சரியாக 12 நாள் கழித்து, மே 10 அன்று, பிரதமர் ஜான் ஹோவர்டின் அரசும் மாநில அரசுகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. தடை விழுந்தது அரைத் தானியங்கி ரைபிள்களுக்கும், அரைத் தானியங்கி ஷாட்கன்களுக்கும், கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் வகை ஷாட்கன்களுக்கும். ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு குண்டு பாய்ந்து, அடுத்தது தானாகக் குழலில் ஏறிக்கொண்டால் அது அரைத் தானியங்கி. ஒருவருடைய சொத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டால் நியாயமான விலை தரவேண்டும் என்கிறது அந்நாட்டு அரசியல் சட்டம். அதனால் பொது மருத்துவத்துக்காக வருமானத்தில் பிடிக்கும் மெடிகேர் வரியை ஓராண்டுக்கு மட்டும் 0.2 சதவீதப் புள்ளி ஏற்றிப் பணம் திரட்டினார்கள். சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி நொறுக்கினார்கள்.

பத்திரிகைகளில் வந்ததெல்லாம் நொறுக்கிய குவியலின் படம். எங்கள் பார்வையில் அதைவிட அதிகம் உழைத்தது உடன்பாட்டின் அலுப்பூட்டும் பக்கங்கள்தான். துப்பாக்கி கேட்பவர் அதற்குத் தகுந்த காரணம் காட்டவேண்டும்: விவசாயம், வேட்டை, சங்கத்தில் சேர்ந்து குறிபார்த்துச் சுடும் விளையாட்டு. ‘என் பாதுகாப்புக்கு’ என்று எழுதினால் விண்ணப்பம் திரும்பிவிடும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி அனுமதி, 28 நாள் காத்திருப்பு, பதிவு, பூட்டி வைக்கும் விதி எல்லாம் உண்டு. அதற்குப் பிறகும் ஓட்டைகள் இருக்கின்றன. 2025 டிசம்பர் 14 அன்று சிட்னியின் போண்டை கடற்கரையில் யூதர்களின் விழாவில் 15 பேர் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்களில் ஒருவரிடம் முறையான உரிமம் இருந்தது.

அமெரிக்காவில் கதை வேறு. ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை 1791-இலேயே அரசியல் சட்டத்தில் இரண்டாவது திருத்தமாக ஏறிவிட்டது. தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எந்தத் துப்பாக்கிச் சட்டமும் அந்நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்தவேண்டும் என்று 2022-இல் புரூயன் வழக்கில் இன்னொரு முடிச்சும் போட்டது. ஆஸ்திரேலியாவில் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வைக்கும் அதே ‘தற்காப்பு’, அமெரிக்காவில் உரிமையின் அடித்தளம்.

அடுத்தது நாடாளுமன்றத்தின் மேலவையான செனட். சாண்டி ஹுக் தொடக்கப் பள்ளியில் 2012 டிசம்பர் 14 அன்று 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். நான்கே மாதத்தில், வாங்குபவரின் பின்னணிச் சோதனையை விரிவாக்கும் மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. எதிர்ப்பவர்களின் முட்டுக்கட்டையைத் தாண்டத் தேவைப்பட்டது 60. அத்தோடு படுத்துவிட்டது. இன்னொன்று, எண்ணிக்கை. மக்களிடம் இருக்கும் துப்பாக்கிகள் சுமார் 39 கோடியே 30 லட்சம் என்று ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பு 2017-க்கு மதிப்பிட்டது. 100 பேருக்கு 120. இதை எந்த வரி போட்டு விலைக்கு வாங்குவது?

ஒன்றுமே நடக்கவில்லை என்பதும் சரியில்லை. ஃபுளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் 2018 பிப்ரவரி 14 அன்று 17 பேர் இறந்தார்கள். துப்பாக்கிப் பிரியர்களின் மாநிலமான ஃபுளோரிடா ஒரு மாதத்துக்குள் எந்தத் துப்பாக்கி வாங்கவும் 21 வயது என்று சட்டம் போட்டது. ஆபத்தானவர் என்று தெரிந்தால் நீதிமன்ற உத்தரவோடு துப்பாக்கியைத் தற்காலிகமாகப் பறித்து வைக்கும் வழியையும் சேர்த்தது.

அமெரிக்காவில் கத்தரிக்காய் வாங்குவதுபோல் கடையில் போய்த் துப்பாக்கி வாங்கலாம் என்கிறார்களே, உண்மையா? – கல்லூரி மாணவி, திருச்சி

கத்தரிக்காய்க்குப் படிவம் கிடையாது. துப்பாக்கிக்கு உண்டு; எண் 4473.

உரிமம் பெற்ற கடையில் வாங்குபவர் அடையாள அட்டை காட்டி இதை நிரப்பவேண்டும். பெருங்குற்றத்தில் தண்டனை உண்டா, குடும்ப வன்முறைத் தண்டனை உண்டா, போதைப்பொருள் பழக்கம் உண்டா, நீதிமன்ற உத்தரவால் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவரா, உங்களுக்காகத்தான் வாங்குகிறீர்களா என்று கேள்விகள் வரிசையாக வரும். கடைக்காரர் விவரத்தை எஃப்.பி.ஐ. நடத்தும் கணினிச் சோதனைக்கு அனுப்புவார். ‘கொடு’, ‘கொடுக்காதே’, ‘பொறு’ என்ற மூன்றில் ஒன்று பதிலாக வரும். பெரும்பாலும் சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

கோளாறு ‘பொறு’வில் இருக்கிறது. மூன்று வேலை நாளுக்குள் முடிவு வராவிட்டால் கடைக்காரர் விருப்பப்பட்டால் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம். 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவனுக்குத் துப்பாக்கி இப்படித்தான் கிடைத்தது. அடுத்த ஓட்டை, கடைக்கு வெளியே நடக்கும் விற்பனை. ஒரு தனிநபர் தன்னுடையதை இன்னொருவருக்கு விற்றால் மத்திய சட்டம் எந்தச் சோதனையும் கேட்பதில்லை; சில மாநிலங்கள் மட்டும் கேட்கின்றன. 1999-இல் கொலம்பைன் பள்ளியில் சுட்ட இருவரிடம் இருந்த நான்கு துப்பாக்கிகளில் மூன்று, 18 வயதான தோழி ஒருத்தி துப்பாக்கிச் சந்தையில் தனிநபர்களிடம் வாங்கிக் கொடுத்தவை.

சோதனை ஒழுங்காக நடந்தும் பயனில்லாமல் போனதுண்டு. டெக்சாசின் யுவால்டி ஊர்ப் பள்ளியில் 2022 மே மாதம் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றவன், 18 வயது நிறைந்த சில நாள்களுக்குள் இரண்டு ரைபிள்களைச் சட்டப்படி வாங்கினான். பழைய குற்றம் எதுவும் இல்லை. கணினி ‘கொடு’ என்றது. அதற்கு அடுத்த மாதம் வந்த சட்டத்தில்தான் 21 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சிறார் காலப் பதிவுகளையும் பார்க்க 10 வேலை நாள் வரை அவகாசம் தந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் சுடும் பிள்ளைக்கு 13, 14, 15 வயது என்கிறார்கள். அந்த வயதில் எந்தக் கடையில் கொடுப்பார்கள்? – வாசகி, ஈரோடு

எந்தக் கடையிலும் கொடுக்கமாட்டார்கள். வந்த கடிதங்களில் எங்களுக்கு மிகவும் தேவையாகப்பட்ட கேள்வி இது. பதில்: வீட்டிலிருந்து.

அமெரிக்க ரகசியச் சேவைப் பிரிவு 2008 முதல் 2017 வரை பள்ளிகளில் நடந்த 41 தாக்குதல்களை ஆராய்ந்து 2019-இல் அறிக்கை தந்தது. துப்பாக்கி பயன்பட்டவற்றில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்து எடுத்தவை. நாடு மாறினாலும் இது மாறுவதில்லை.

ஜெர்மனியில் வின்னெண்டன் என்ற ஊர், 2009 மார்ச் 11. 17 வயதுப் பையன் 15 பேரைக் கொன்றான். அப்பா துப்பாக்கிச் சங்க உறுப்பினர். அவருடைய மற்றத் துப்பாக்கிகள் எல்லாம் சட்டம் சொன்னபடி இரும்புப் பெட்டகத்தில் இருந்தன. ஒரு பெரெட்டா பிஸ்டல் மட்டும் படுக்கையறைத் துணி அலமாரியில், பூட்டில்லாமல். அந்த ஒன்றுதான் பள்ளிக்குப் போனது. அப்பாவுக்குக் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகத் தண்டனை. சந்தேகம் எதுவும் இல்லாவிட்டாலும் அதிகாரிகள் வீட்டுக்கு வந்து துப்பாக்கி எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம் என்று அந்த ஆண்டே சட்டத்தை மாற்றினார்கள்.

பெல்கிரேடு, 2023 மே 3. 13 வயதுப் பையன் அப்பாவின் இரண்டு பிஸ்டல்களோடு பள்ளிக்குப் போனான். மாணவர்களும் காவலாளியுமாக 10 பேர் இறந்தார்கள். இங்கே பெட்டகம் இருந்தது, ரகசிய எண்ணும் இருந்தது. ஆனால் எண் பையனுக்குத் தெரிந்திருந்ததாக உள்துறை அமைச்சர் சொன்னார். செர்பியச் சட்டப்படி 14 வயதுக்குக் கீழ் குற்றப் பொறுப்பே கிடையாது. பின்லாந்தின் வன்டா, 2024 ஏப்ரல் 2. 12 வயதுப் பையன், உறவினரின் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி. வகுப்புத் தோழன் ஒருவன் இறந்தான், இருவருக்குக் காயம்.

எல்லாவற்றையும்விட விவரமாக நீதிமன்றத்தில் விரிந்தது அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆக்ஸ்ஃபர்ட் ஊர் வழக்கு. 2021 நவம்பர் 26, வெள்ளிக்கிழமை: 15 வயது மகனோடு கடைக்குப் போய் அப்பா ஒரு 9 மி.மீ. பிஸ்டல் வாங்கினார். திங்கள்: வகுப்பில் மகன் கைப்பேசியில் தோட்டா தேடுவதை ஆசிரியை பார்த்தார், பள்ளி அம்மாவுக்குத் தகவல் விட்டது. செவ்வாய் காலை: கணக்குத் தாளில் துப்பாக்கியும் ரத்தமும் வரைந்து, எண்ணங்கள் நிற்கவில்லை, உதவுங்கள் என்று எழுதியிருந்தான். பள்ளி பெற்றோரை அழைத்தது. வந்தார்கள், வீட்டுக்குக் கூட்டிப்போக மறுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். புதுத் துப்பாக்கி வாங்கியதைச் சொல்லவில்லை. பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. அது அந்தப் பைக்குள்தான் இருந்தது. அன்று மதியம் அவன் சுட்டதில் 4 மாணவர்கள் செத்தார்கள். துப்பாக்கியோடு கிடைத்த கம்பிப் பூட்டு, உறை பிரிக்காமல் வீட்டில் கிடந்தது. 2024-இல் அம்மா, அப்பா இருவருக்கும் தலா 10 முதல் 15 ஆண்டுச் சிறை. பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்காகப் பெற்றோர் உயிரிழப்புக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டது அமெரிக்காவில் அதுவே முதல் முறை.

பெற்றோரை ஜெயிலில் போடுவது சரியா என்று அங்கே வாதம் ஓடுகிறது. பிள்ளை செய்ததற்குப் பெற்றவரைத் தண்டிப்பது பொதுவாக ஆபத்தான பழக்கம்தான். ஆனால் அந்தக் கம்பிப் பூட்டைப் பார்த்த நடுவர் குழு வேறு என்ன தீர்ப்பு சொல்லியிருக்கும்?

துப்பாக்கியைக் குறை சொல்லி என்ன பயன்? மனநோய்தான் காரணம். துப்பாக்கி இல்லாவிட்டால் கத்தியை எடுப்பான். – ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாகர்கோவில்

கத்தியை எடுப்பான் என்பது உண்மை, ஐயா. சீனாவில் 2010 மார்ச்சில் நான்பிங் நகரத்துப் பள்ளி வாசலில் ஒருவன் 8 குழந்தைகளைக் கத்தியால் கொன்றான். ஜப்பானில் ஒசாகா அருகே இக்கேடா தொடக்கப் பள்ளியில் 2001 ஜூன் 8 அன்று திறந்திருந்த வாசல் வழியே நுழைந்தவன் 8 குழந்தைகளைக் குத்திக் கொன்றான். அதன் பிறகு ஜப்பானியப் பள்ளிகள் வாசலை மூடி வைக்கப் பழகின. ‘சசுமாதா’ என்று ஒரு கருவியும் வாங்கி வைத்தன: ஆளுயரத்துக்கும் மேலான கம்பு, நுனியில் பிறை வடிவ இரும்பு. கத்திக்காரனை எட்டத்திலேயே சுவரோடு அழுத்திப் பிடிக்க உதவும். துப்பாக்கிக்கு முன்னால் அது வெறும் கம்பு.

சாண்டி ஹுக் நடந்த அதே 2012 டிசம்பர் 14 அன்று சீனாவின் ஹெனான் மாகாணத்தில் குவாங்ஷான் பகுதிப் பள்ளியொன்றில் ஒருவன் கத்தியோடு புகுந்து 20-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வெட்டினான். ஒரு குழந்தையும் சாகவில்லை. அமெரிக்காவில் அதே நாளில் 20 குழந்தைகள் செத்தார்கள். ஒரே நாளை வைத்து விதி எழுதக்கூடாது, நான்பிங்கும் நடந்திருக்கிறது. ஆனால் கத்திக்காரன் ஒவ்வொரு பிள்ளையையும் எட்டிப் பிடிக்கவேண்டும். ஓடவும் தடுக்கவும் நேரம் கிடைக்கிறது.

மனநோய் எல்லா நாட்டிலும் இருக்கிறது, துப்பாக்கி எல்லா வீட்டிலும் இல்லை. மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்யாதவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நோயின் பெயரைவிட உதவுவது வாய்விட்ட பேச்சு. அமெரிக்க ரகசியச் சேவைப் பிரிவின் 2002 ஆய்வில், 37 சம்பவங்களில் 81 சதவீதத்தில் குறைந்தது ஒருவருக்காவது திட்டம் முன்கூட்டித் தெரிந்திருந்தது. பெரும்பாலும் சக மாணவர்களுக்கு. அவர்கள் ஏன் சொல்லவில்லை? காட்டிக்கொடுப்பவன் என்ற பெயர் வரும், விளையாட்டுக்குச் சொல்கிறான் என்ற நினைப்பு. பெயர் வெளியே வராமல் சொல்ல ஓர் ஆளோ எண்ணோ பள்ளியில் இருக்கிறதா என்பதை, நீங்கள் தலைமையாசிரியராக இருந்தவர், எங்களைவிட நன்றாக எடைபோடுவீர்கள்.

சொன்ன பிறகும் கோட்டைவிடுவது தனிக் கதை. பின்லாந்தின் கவுஹயோகியில் 2008-இல் 10 பேரைக் கொன்றவனை, அவன் இணையத்தில் போட்ட வீடியோக்களுக்காக முந்தைய நாள்தான் காவல்துறை விசாரித்தது. ஆனால் அவனுடைய துப்பாக்கியைப் பறிமுதல் செய்யவில்லை. ஸ்காட்லாந்தின் டன்பிளேனில் 1996 மார்ச் 13 அன்று 16 குழந்தைகளையும் ஆசிரியை ஒருவரையும் கொன்றவனின் உரிமத்தைப் பறிக்கச் சொல்லி ஒரு காவல் அதிகாரி 1991-இலேயே எழுதியிருந்தார். கோப்பு நகரவில்லை. அடுத்த ஆண்டில் பிரிட்டன் கைத்துப்பாக்கிகளையே தடை செய்தது.

பள்ளி வாசலில் துப்பாக்கியோடு காவலர் நின்றால் போதாதா? – வாசகர், கோவை

பார்க்லேண்டில் நின்றார். கட்டடத்துக்குள் போகவில்லை. யுவால்டிக்கு 376 பேர் வந்தார்கள். வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடம் ஆனது.

காவலருக்குச் செலவாகும் பணத்தில் முதலில் கதவைப் பாருங்கள் என்போம். யுவால்டியில் வகுப்பறைக் கதவைப் பூட்டவேண்டுமானால் ஆசிரியை வெளியே வராந்தாவுக்கு வந்து சாவி போடவேண்டும். ஓர் அறையின் பூட்டு சரியாக விழாது என்பது பள்ளியில் தெரிந்த சங்கதி. சாண்டி ஹுக்கிலும் வெளிப்பக்கச் சாவிதான். உள்ளிருந்தே பூட்டும் கதவு வேண்டும் என்பது சாண்டி ஹுக் ஆணையத்தின் முக்கியமான பரிந்துரை. பார்க்லேண்டில் இன்னொரு பாடம்: சுட்டதில் எழுந்த புகையும் தூசியும் தீ எச்சரிக்கை மணியை அடித்துவிட்டன. தீ விபத்து என்று நினைத்துப் பிள்ளைகள் வராந்தாவுக்கு வந்தார்கள். இரண்டு ஆபத்துக்கும் ஒரே மணி இருக்கக்கூடாது.

நம் நாட்டில் இந்தப் பயம் தேவையா? – வாசகர், திருநெல்வேலி

அமெரிக்கா அளவுக்குத் தேவையில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி 21 வயது நிறையவேண்டும், காவல்துறை விசாரணை அறிக்கை வேண்டும், மாவட்டத்தில் ஆட்சியரும் பெருநகரில் காவல் ஆணையரும் உரிமம் தரவேண்டும். 2019 திருத்தம் ஒருவருக்கு மூன்று என்பதை இரண்டாகக் குறைத்தது. ஆனால் வீட்டு பீரோ பிரச்சினை இங்கேயும் எட்டிப் பார்த்திருக்கிறது. 2007 டிசம்பரில் குர்கானில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் இருவர் சக மாணவனைச் சுட்டுக் கொன்றார்கள். துப்பாக்கி அவர்களில் ஒருவனின் அப்பாவுடையது.

உங்கள் மாவட்டத்தில் பேசவேண்டியது அரிவாளைப் பற்றி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் தந்த அறிக்கை, கையில் கட்டும் சாதிக் கயிறு முதல் பள்ளிப் பெயரில் ஒட்டியிருக்கும் சாதி வரை பேசுகிறது. அரிவாளுக்கு உரிமச் சட்டம் போட்டு ஆகப்போவதில்லை. அங்கே வன்முறை பிறக்கும் இடம் வேறு.

டல்லாஸ் பக்கம் குடிவந்து ஆறு மாதம். 9 வயது மகனை நண்பன் வீட்டுக்கு விளையாடக் கூப்பிடுகிறார்கள். அவர்கள் வீட்டில் துப்பாக்கி உண்டா என்று எப்படிக் கேட்பது? தப்பாக நினைக்கமாட்டார்களா? – ஒரு தாய், டெக்சாஸ்

கேளுங்கள், அம்மா. அங்கே குழந்தை மருத்துவர்களே கேட்கச் சொல்கிறார்கள். 2020-இல் அந்நாட்டில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணமாகத் துப்பாக்கி ஆகிவிட்டது, வாகன விபத்தைத் தாண்டி. அதில் பள்ளிச் சூடு சிறு பங்குதான். கொலை, தற்கொலை, வீட்டில் கை தவறி வெடிப்பது எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் குறுஞ்செய்தியில் கேளுங்கள். உங்கள் விவரத்தை முதலில் சொல்லிவிட்டால் எளிதாக இருக்கும்: ‘இவனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. நாய் இருந்தால் கொஞ்சம் பயப்படுவான். வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டி வைத்திருக்கிறீர்களா?’ மூன்றில் ஒன்றாகப் போய்விடும். ‘இருக்கிறதா’ என்பதைவிட ‘பூட்டியிருக்கிறதா’ என்பது மேல். டெக்சாசில் இருப்பது சகஜம்.

நல்ல பதில் எப்படி இருக்கும்? தோட்டா நீக்கி, பெட்டகத்தில் பூட்டி, தோட்டாக்களை வேறிடத்தில் தனியாகப் பூட்டி, இரண்டின் சாவியோ எண்ணோ பிள்ளைகளுக்குத் தெரியாமல். ‘மேல் அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறோம்’ என்றால் அது பூட்டு ஆகாது. தீபாவளிப் பலகாரத்தை நீங்கள் எங்கே ஒளித்தாலும் மகன் கண்டுபிடிப்பான் அல்லவா? ‘மேகசினைக் கழற்றிவிட்டோம்’ என்பதும் போதாது. பிஸ்டலில் தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினைக் கழற்றினாலும் குழலின் பின்னறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். வெறும் துப்பாக்கி என்று நினைத்து விசையை இழுத்து நேர்ந்த சாவுகள் பல. கம்பிப் பூட்டு இருந்தால் கம்பி துப்பாக்கியின் உள்வழியாகப் போய் வெளியே வரவேண்டும். அப்போதுதான் மேல்பாகம் மூடாது, தோட்டா ஏறாது. விசையைச் சுற்றியுள்ள வளையத்தில் மட்டும் மாட்டினால் பயனில்லை. பல ஊர்க் காவல் நிலையங்களில் இந்தப் பூட்டை இலவசமாகவே தருகிறார்கள். 17 வயதுக்குட்பட்டவர் கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்சாஸ் சட்டப்படி குற்றம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

பதில் மழுப்பலாக வந்தால் சண்டை வேண்டாம். ‘இந்த வாரம் எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள், தோசை சுடுகிறேன்’ என்று சொல்லிவிடுங்கள்.

மகனிடம் சொல்லவேண்டியது: துப்பாக்கியைப் பார்த்தால், பொம்மை மாதிரி தெரிந்தாலும், தொடாதே. நண்பன் கையில் இருந்தால் வாங்காதே, பிடுங்காதே. அறையை விட்டு வெளியே வா. அம்மாவுக்குப் போன் போடு. நடு ராத்திரி ஆனாலும் வந்து கூட்டிப்போவேன், திட்டமாட்டேன். கடைசி வார்த்தையை மறக்காமல் சொல்லுங்கள். திட்டுக்குப் பயந்துதான் பிள்ளைகள் போன் போடுவதில்லை.